ஒரு பக்கமாகத் தேயும் கால்களுக்கு எந்த ஷூ?

சிலருடைய ஷூவில் மேல்பாகம் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். அடியில் குதிகாலின் ஒரு ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து காணாமல் போயிருக்கும். எனக்கும் அப்படித்தான். வலது கால், வெளி ஓரம். இடது கால் ஷூவைத் துடைத்துக் கடையில் திருப்பி வைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "காசப் பாக்காம நல்ல கம்பெனி ஷூவா வாங்குப்பா, உழைக்கும்."

இதில் பாதிதான் உண்மை. ரன்னிங் ஷூவில் விலை ஏற ஏறக் கூடுவது பெரும்பாலும் மென்மையும் எடைக்குறைவும்தான். தேய்மானத்தைத் தாங்கும் சக்தி அந்த வேகத்தில் கூடுவதில்லை. பல நேரம் குறையவே செய்யும். பந்தயத்தில் ஓடுவதற்கென்று செய்த ஷூவைப் போட்டுக்கொண்டு சென்னை சைதாப்பேட்டை நடைபாதையில் தினமும் நடந்தால், பள்ளிக்கூடப் பையன் போடும் கறுப்பு ஷூ அதைவிட அதிக நாள் தாங்கும். அதனால் பெயரையும் விலையையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேறு இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடலாம் என்பது என் கட்சி. உங்கள் ஷூவில் முதலில் போவது எந்தப் பாகம்? அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா?

பழைய ஷூ சொல்லும் சேதி

கடைக்குப் போகும் முன்பு, தேய்ந்த ஷூவை மேசை மேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். ஷூவில் மூன்று அடுக்குகள் உண்டு. தரையைத் தொடும் ரப்பர் அடி, அதற்கு மேலே ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும் நடு அடுக்கு, பிறகு காலை மூடும் மேல்பாகம். மூன்றில் எது போனது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

குதிகாலின் வெளி ஓரத்தில் லேசாகத் தேய்வது எல்லாருக்கும் உள்ளதுதான். நடக்கும்போது பெரும்பாலான கால்கள் அந்த மூலையில்தான் முதலில் இறங்குகின்றன. தேய்மானம் வேகமாக இருந்தாலோ, ஒரே காலில் மட்டும் இருந்தாலோ, உள் ஓரம் போனாலோதான் யோசிக்க வேண்டும். பாதம் உட்பக்கம் சாய்கிறவர்களுக்கு, அதாவது தட்டைப் பாதக்காரர்கள் பலருக்கு, உள் ஓரமும் கட்டைவிரல் அடியும் போகும். பாத வளைவு உயரமாக உள்ளவர்களுக்கு வெளி ஓரம் முழுக்கப் போகும். காலை முழுசாகத் தூக்காமல் இழுத்து நடப்பவர்களுக்கு முன்நுனி போகும்.

ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல சேதி; அதை ஒட்டியோ தைத்தோ மாற்றிவிடலாம். நடு அடுக்கு ஒரு பக்கமாக அமுங்கி ஷூவே சாய்ந்து நின்றால் கதை முடிந்தது. அதற்குக் கீழே எவ்வளவு நல்ல ரப்பரை ஒட்டினாலும் கால் சாய்ந்தேதான் இறங்கும். மேல்பாகம் சுண்டுவிரல் பக்கம் பிதுங்கிக் கிழிந்திருந்தால் அது நடையின் குற்றமே இல்லாமலும் இருக்கலாம். அகலம் போதாத ஷூவாக இருக்கும்.

தேய்மானம் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஓரம் நாலைந்து மில்லிமீட்டர் போனதும் கால் அந்தப் பக்கம் இன்னும் சாயும். சாய்ந்தால் எடை அங்கேயே விழும், அந்த இடம் முன்னைவிட வேகமாகப் போகும். அதனால் முதல் மூன்று மாதம் போன அதே வேகத்தில் அடுத்த மூன்று மாதமும் போகும் என்று கணக்குப் போடக் கூடாது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டு வாசல், கோயில், சில டாக்டர் கிளினிக் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஷூவைக் கழற்றி மாட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் நாடாவை அவிழ்க்க யாருக்குப் பொறுமை? காலை உள்ளே நுழைத்து, பின்பக்கத்தை மிதித்து, தரையில் ரெண்டு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. அந்தப் பின்பக்கத்தில்தான் குதிகாலை நேராகப் பிடித்து நிறுத்தும் கெட்டியான அட்டை இருக்கிறது. அது மடிந்து நொறுங்கினால் குதிகால் உள்ளே ஆடும், அடி ஒரு பக்கமாகத் தேயும். நாடா கட்டப் பொறுமை இல்லாதவர்கள் அதை ஒத்துக்கொண்டு, பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த ஷூவையோ வெல்க்ரோ ஷூவையோ வாங்கிவிடலாம். குதிகாலை வழுக்கி உள்ளே இறக்க உதவும் பத்து ரூபாய் ஷூ ஹார்ன் ஒன்று வாசலில் தொங்கினாலும் ஷூவின் ஆயுள் கூடும்.

சைஸ் சரியில்லாமல் மற்றதெல்லாம் வீண்

சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த கால்கள் முன்பக்கம் விரிந்திருக்கும். கடையில் இருக்கும் ஷூக்களோ பெரும்பாலும் வெளிநாட்டுக் கால் அச்சில் செய்தவை. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று சொல்லி, அதற்கென்று தனி அளவு முறையையும் முன்வைத்திருக்கிறது. ஆனால் கடைக்காரர் நம்மிடம் கேட்பது இன்னும் யூகே நம்பரைத்தான்.

அகலம் போதவில்லை என்றதும் நாம் செய்வது ஒரு நம்பர் ஏற்றி வாங்குவது. யூகே அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் வித்தியாசம் சுமார் 8.5 மில்லிமீட்டர். அகலத்தில் கிடைப்பதோ அதில் பாதிக்கும் குறைவு. இப்படி வாங்கிய ஷூவில் விரல்களின் அடிப்பக்கம் மடியும் இடமும் ஷூ மடியும் இடமும் பொருந்தாது. மேல்பாகம் தப்பான இடத்தில் சுருங்கி விரிசல் விடும், குதிகால் உள்ளே வழுக்கும், நீண்ட முன்நுனி நடைபாதைக் கல்லில் தட்டும். நடை கோணல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சிலருக்கு உண்மையில் கோணல் இந்த நம்பரில்தான் இருக்கிறது.

நீளம் சரி, அகலம்தான் போதவில்லை என்றால் அகல மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசிக்ஸ், நியூ பேலன்ஸ் போன்றவர்கள் சில மாடல்களை 2இ, 4இ என்ற அகலங்களில் செய்கிறார்கள். கடை ரேக்கில் பெரும்பாலும் இருக்காது; ஆன்லைனில் தேட வேண்டியிருக்கும். கடைக்குள் சோதித்துப் பார்க்க எளிய வழி, ஷூவுக்குள் இருக்கும் உள்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நிற்பது. பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, ஆஃபர் எவ்வளவு இருந்தாலும் சரி. சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்குவதுதான் பத்திரம். ரெண்டு காலுக்கும் போட்டுப் பாருங்கள், பெரிய காலுக்கு ஏற்ப வாங்குங்கள்.

ரன்னிங் ஷூ

இன்று நடப்பவர்களில் நிறையப் பேர் காலில் இருப்பது இதுதான். சுகமாக இருக்கும், லேசாக இருக்கும், சென்னை வெயிலில் காற்றும் போகும். ஆனால் ஒரு பக்கமாகத் தேய்ப்பவர்களுக்கு இதைவிடச் சீக்கிரம் கைவிடும் ஷூ வேறு இல்லை. நடு அடுக்கு பெரும்பாலும் ஈவிஏ என்னும் நுரை. நாளாக நாளாக அது அமுங்கும், அமுங்கியது முழுசாக எழுந்து வராது. ஓடுகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 500 முதல் 800 கிலோமீட்டர். நாளைக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் 800 கிலோமீட்டர் என்பது 160 நாள். ஓடுவதைவிட நடப்பதில் அடி மெதுவாகத்தான் விழும் என்றாலும், ஒரே மூலையில் விழும்போது அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது.

வாங்குவதாக இருந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். எடையைக் குறைக்க, பல மாடல்களில் ரப்பரை அங்கங்கே துண்டு துண்டாக ஒட்டியிருப்பார்கள். நடுவில் வெறும் நுரை தரையைத் தொடும். நமக்குத் தேயும் மூலையில் ரப்பர் இல்லையென்றால் அந்த மாடலைத் தொடவே வேண்டாம். ரப்பரிலும் ரெண்டு வகை உண்டு. காற்று சேர்த்து ஊதிய மென்மையான ரப்பர் சீக்கிரம் போகும். கரி கலந்த கெட்டி ரப்பர் தாங்கும். கரித்தூள் ரப்பரின் தேய்மானத்தைக் குறைக்கும் என்பது டயர்க் கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்த பழைய சங்கதி. பொதுவாக, கலர் சோலை விடக் கறுப்பு சோலை நம்பலாம்.

கடைக்காரர் "ஸ்டெபிலிட்டி மாடல்" என்று ஒன்றை எடுத்து நீட்டினால் கொஞ்சம் நில்லுங்கள். அதில் உள்பக்க நுரையைக் கெட்டியாக வைத்திருப்பார்கள், பாதம் உட்பக்கம் சாயாமல் இருக்க. உள் ஓரம் தேய்பவர்களுக்கு அது ஷூ சீக்கிரம் சாய்வதைத் தள்ளிப்போடலாம். வெளி ஓரம் தேய்பவர்களுக்கு அது நேர் எதிரான வேலை செய்யும், ஏற்கெனவே வெளியே சாயும் காலை இன்னும் வெளியே தள்ளும். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுப்பதால் காயங்கள் குறைவதாக அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுகிறவர்களிடம் நடத்திய ஆய்வுகளிலும் தெரியவில்லை. அதனால் ஷூ சாயாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு மட்டும் அதை எடைபோடுங்கள்.

மலிவாக வாங்கி அடிக்கடி மாற்றுவது

ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கு, தேய்ந்ததும் தூக்கிப் போடு என்ற வழியைக் கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. காலுக்குப் பொருந்தினால், வலி இல்லாவிட்டால், இது நியாயமான வழிதான். சிக்கல் என்னவென்றால் தேய்ந்ததும் யாரும் உடனே தூக்கிப் போடுவதில்லை. "இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்" என்று ஓட்டும் அந்த மாசங்களில்தான் முழங்கால் முணுமுணுக்க ஆரம்பிக்கும்.

தவிர, மலிவு ஷூக்களின் அடி பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்கிலோ, டிபிஆர் என்னும் உருக்கி ஊற்றும் ரப்பரிலோ செய்த வார்ப்பு. வெளியே திடமாகத் தெரியும். குதிகாலுக்குள் தேன்கூடு மாதிரி அறை அறையாக வெற்றிடம் இருக்கும். அடியின் வெளிப்புறம் தேய்ந்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே ஏறும், ரப்பர் ஒட்டவும் இடம் இருக்காது. உள்சோலைத் தூக்கிப் பார்த்தால் இந்த அறைகள் கண்ணுக்குத் தெரியும். பிவிசி அடி ஈரமான மொசைக்கில் வழுக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

சேஃப்டி ஷூ

"தொழிற்சாலையில போடுற ஷூ வாங்கிக்கோ, சாவே கிடையாது" என்று சொல்லும் நண்பர் எல்லாருக்கும் ஒருவர் இருப்பார். பாரிமுனைப் பக்கம் இருக்கும் பாதுகாப்புச் சாதனக் கடைகளில் ஐஎஸ் 15298 முத்திரையோடு நியாயமான விலையில் கிடைக்கும். அடி கெட்டி, தோல் கெட்டி, குதிகால் பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் முன்னால் ஒரு இரும்புத் தொப்பி. ஃபேக்டரியில் விரலைக் காப்பாற்றும் அது, வடபழனி சிக்னலில் சும்மா சுமக்கும் எடை. மே மாதத்தில் உள்ளே கால் வேகும். அகலமான முன்பாதம் உள்ளவருக்கு, தோல் மாதிரி அது இளகியும் கொடுக்காது.

இதைவிட முக்கியம், பியூ சோல். சேஃப்டி ஷூக்களிலும், நிறைய ஆபீஸ் ஷூக்களிலும், வசதியான சாண்டல்களிலும் அடி பியூ என்கிற பாலியூரித்தேனில் வார்த்ததாக இருக்கும். தேய்மானத்தை நன்றாகவே தாங்கும். ஈவிஏ போல அமுங்கியும் போகாது. காகிதத்தில் பார்த்தால் நமக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் அதற்குப் பகை காற்றில் இருக்கும் ஈரம். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பொருளின் பிணைப்புகளே மெல்ல மெல்ல அறுந்துபோகும். கடலோர ஊரான நமக்கு இரண்டுக்கும் பஞ்சமில்லை. கல்யாணத்துக்கு வாங்கி அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூ, சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டதும் மண்டபத்து வாசலிலேயே அடி உதிர்ந்து நொறுங்கியதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அது இதுதான். போட்டுக்கொண்டே இருக்கும் ஷூவைவிடப் பெட்டியில் தூங்கும் ஷூவுக்குத்தான் இந்தக் கதி அதிகம் வருகிறது. ஆகவே பியூ சோலில் "பிடித்த மாடல், ரெண்டு ஜோடி வாங்கி ஒன்றை எடுத்து வைப்போம்" என்ற புத்திசாலித்தனம் வேலைக்கு ஆகாது. தள்ளுபடியில் பழைய சரக்கு வாங்கும்போது பெட்டியில் தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். சேஃப்டி ஷூவே வேண்டும் என்றால் நைட்ரைல் ரப்பர் அடி வைத்ததைக் கேளுங்கள். எடை கூடும், ஆனால் வெளி அடி இப்படி உதிராது.

தோல் ஷூ: காசு கொடுக்க வேண்டியது எதற்கு

உலகக் கடைகளுக்கு ஷூ செய்து அனுப்பும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. பெரியமேட்டில் இறங்கினால் தோல், சோல், ஹீல், கம் என்று ஷூவின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக விற்கிறது. இவ்வளவு இருந்தும் சென்னைக்காரர்களில் பலர் தோல் ஷூவை இன்டர்வியூவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போடுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சரி, வெயில் ஒரு காரணம்.

நீடித்து உழைக்கும் ஷூ பற்றிப் பேசுகிறவர்கள் உடனே "குட்இயர் வெல்ட்" என்பார்கள். மேல்பாகத்தோடு ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடியைத் தைக்கும் முறை அது. சார்லஸ் குட்இயர் ஜூனியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதற்கான இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த குட்இயரின் மகன். அடி தேய்ந்தால் மேல்பாகத்தைத் தொடாமல் பிரித்து வேறு அடி தைக்கலாம், பல தடவை. சென்னையிலேயே பிரிட்லென் போன்றவர்கள் இந்த முறையில் உயர்தர ஷூ செய்கிறார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நம் பிரச்சினை குதிகால் ஓரம் என்றால், வெல்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் வீண். நமக்கு வேண்டியது தனியாக அடித்த ஹீல். தோல் அட்டைகளை அடுக்கி, கடைசியில் ஒரு ரப்பர்த் துண்டை வைத்து ஆணி அடித்திருக்கும் பழைய மாதிரி ஹீல். அந்த ரப்பர்த் துண்டு தேய்ந்தால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு அடிக்கலாம். அரை மணி வேலை. ஷூ வெறுமனே ஒட்டியதாக இருந்தாலும்கூட ஹீல் தனியாக இருந்தால் போதும், வருஷக்கணக்கில் ஓட்டலாம். முன்பாதம் முழுக்கத் தேய்ப்பவர்களுக்கும், மழையில் அடி வாய் பிளந்துபோன அனுபவம் உள்ளவர்களுக்கும்தான் வெல்ட் காசுக்கு ஈடு கொடுக்கும்.

ஏமாறும் இடமும் இங்கேதான். ஒரே வார்ப்பாகச் செய்த சோலில், ஹீல் தனியாக இருப்பதுபோல் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். ஓரத்தில் அழகுக்கு ஒரு தையல் ஓட்டி வெல்ட் என்று விற்பதும் உண்டு. திருப்பிப் பாருங்கள்; ஹீலும் சோலும் சேரும் இடத்தில் உண்மையான பிரிவு இருக்கிறதா, ஹீலைத் தட்டினால் கெட்டியான சத்தம் வருகிறதா என்று. அடி முழுக்கத் தோலில் செய்தது நம் ஊர் தார் ரோட்டுக்கும் ஐப்பசி மழைக்கும் ஆகாது. ரப்பர் அடிதான் வேண்டும். கிரேப் என்னும் சொரசொரப்பான இயற்கை ரப்பர் சோல் மென்மையாக இருக்கும், ஆனால் தேய்ப்பவர் காலில் சீக்கிரம் போய்விடும்.

கணக்கை மாதத்துக்கு இவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, 1,500 ரூபாய் ஷூ நாலு மாதம் வந்தால் மாதம் 375. 5,000 ரூபாய் தோல் ஷூ மூன்று வருஷம் வந்து, நடுவில் ஹீலுக்கும் சோலுக்கும் 2,500 செலவானாலும் மாதம் சுமார் 208. மலிவு ஷூ மலிவாக இருப்பது வாங்கும் அன்று மட்டும்தான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. தோல் ஷூவைத் தினமும் போடக் கூடாது. வியர்வை காய ஒரு நாள் வேண்டும். ரெண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போட வேண்டும்; ரெண்டும் சேர்ந்து ஆறு வருஷம் வந்தால்தான் கணக்கு நிற்கும். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், மொட்டைமாடி வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். கார்த்திகை மாதத்தில் பூஞ்சை பூக்கும்; துடைத்து பாலிஷ் போட்டால் போய்விடும், பயப்பட வேண்டாம்.

தெருமுனையில் உட்கார்ந்திருப்பவர்

எந்த ஷூ வாங்கினாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பவர் பஸ் ஸ்டாப் மரத்தடியில் பெட்டியை வைத்து உட்கார்ந்து செருப்பும் ஷூவும் தைக்கும் அண்ணன்தான். இந்த வசதி இல்லாத ஊர்க்காரர்கள் பசையை வாங்கித் தேய்ந்த அடியில் தாங்களே பூசி அவஸ்தைப்படுகிறார்கள். நமக்கு இது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஆனால் அவரிடம் போகும் நேரம் முக்கியம். நாங்கள் வழக்கமாகப் போகும் அண்ணன் எல்லாரிடமும் சொல்வது: "சார், ரப்பரு இருக்கச்சொல்ல கொண்டாந்தா ஒரு துண்டு வெச்சு ஒட்டிடுவேன். ஸ்பாஞ்சு தெரிஞ்சப்புறம் கொண்டாந்தா நான் இன்னா பண்றது?" ரன்னிங் ஷூவுக்கு இது வேதவாக்கு. புது ஷூவிலேயே, தேயப்போகும் மூலையில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் துண்டை ஓரம் சீவி ஒட்டச் சொல்லலாம். வாங்கிய மறுநாளே ஷூவைக் கொண்டுபோனால் அவர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. ரெண்டு ஷூவிலும் ஒரே கனத்தில் ஒட்டச் சொல்லுங்கள், ஒரு கால் மட்டும் உயர்ந்துவிடக் கூடாது. பசை தடவிக் கொஞ்சம் காயவிட்டு, சூடு காட்டி அழுத்தினால்தான் பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்தில் டீ குடித்துவிட்டு வரலாம்.

டயர் ரப்பர் போடட்டுமா என்று கேட்பார். தேயவே தேயாது, அது உண்மை. ஆனால் கனம், விறைப்பு, ஈரத் தரையில் வழுக்கலும் உண்டு. முழு அடிக்கும் வேண்டாம், குதிகாலுக்கு மட்டும் என்றால் சரி. பழைய போலீஸ் பூட்ஸ் மாதிரி இரும்பு லாடம் வேண்டாமே! மெட்ரோ ஸ்டேஷன் கிரானைட்டில் அதோடு நடப்பது இடுப்பெலும்புக்கு விடும் சவால்.

அளவெடுத்துச் செய்வது, சாண்டல்

ரெண்டு காலும் ரெண்டு அளவு, கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கிறது, நீளத்துக்கு மிஞ்சிய அகலம் என்றால், அளவெடுத்துச் செய்யும் கடைதான் சரி. காகிதத்தில் கால் வரைந்து, நாலைந்து இடத்தில் டேப் பிடித்துச் செய்வார்கள். முதல் ஜோடி அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். திருத்தித் தருவார்களா, ஹீல் தனியாக அடிப்பார்களா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பழைய தேய்ந்த ஷூவைக் காட்டி, இந்த மூலையில் கெட்டி ரப்பர் வேண்டும் என்று சொல்லலாம். எந்தப் பிராண்டு ஷோரூமிலும் நடக்காத பேச்சு இது.

வேலையில் ஷூ கட்டாயம் இல்லையென்றால் பின்பட்டை வைத்த சாண்டலை யோசிக்கலாம். அகலப் பிரச்சினை போய்விடும், காற்றும் படும். பின்பட்டை அவசியம், இல்லாவிட்டால் நழுவாமல் இருக்க விரல்களால் செருப்பைக் கவ்வி நடப்போம், நடையே மாறும். தட்டையான ரப்பர் அடி என்றால் அண்ணனும் சுலபமாக வேறு அடி ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த ஒப்பீட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர்களுக்கு ஆயுளைவிட அழுத்தம் பரவுவதுதான் முக்கியம். எம்சிஆர் என்கிற நுண்துளை ரப்பர் உள்சோல் வைத்த காலணிதான் வழக்கமாகத் தரப்படுவது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கான காலணி பற்றிய முன்னோடி வேலை பலவும் தொழுநோயாளிகளுக்காக வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் நடந்தவை. சென்னையில் ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை போன்ற இடங்களில் பாதப் பிரிவிலேயே கேட்கலாம்.

சரி, எதை வாங்குவது

குதிகால் ஓரம் மட்டும் தேய்கிறது, தினமும் ஆபீஸ் போக வேண்டும் என்றால், ரப்பர் அடியும் தனி ஹீலும் உள்ள தோல் ஷூ ரெண்டு ஜோடி. என் முதல் தேர்வு இதுதான். ஒரே சமயத்தில் வாங்க முடியாவிட்டால் இப்போது ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. நாள் முழுக்க நிற்கும் வேலை, முழங்கால் வலி, மென்மை வேண்டும் என்றால், குதிகாலில் முழு கறுப்பு ரப்பர் உள்ள ரன்னிங் ஷூ, முதல் வாரத்திலேயே ஒட்டிய துண்டோடு. நடு அடுக்கு சாய்ந்ததும் தயவு தாட்சண்யம் இல்லாமல் கழித்துவிட வேண்டும். முன்நுனி தேய்பவர்களுக்கு முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த அடியும், ரப்பர் நுனிமேல் ஏறி மூடிய மாடலும் நல்லது. பைக்கில் போய் ஆபீஸில் உட்காருகிறவருக்கு எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, கியர் போடும் கால் ஷூவின் மேல்பக்கம்தான் முதலில் போகும்.

ஒரு கால் மற்றதைவிடக் குட்டை என்று தெரிந்தவர்கள், ஷூவை மாற்றுவதால் மட்டும் தீர்வு காண முடியாது. உள்ளே வைக்கும் உயரத் துண்டு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரைதான் சாதாரண ஷூவில் இடம் பிடிக்கும். அதற்கு மேல் வைத்தால் குதிகால் ஷூவை விட்டு வெளியே வரும். கூடுதல் உயரத்தை அடியில்தான் சேர்க்க வேண்டும். அதற்கும் தனிச் சோல் உள்ள ஷூதான் வசதி. எவ்வளவு உயரம் என்பதை டாக்டர் அளந்து சொல்ல வேண்டும். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், முட்டுக்காட்டில் ஈசிஆர் மேல் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இந்த மாதிரி வேலைக்கென்றே பிரிவுகள் வைத்திருக்கின்றன.

இத்தனை வருஷம் ஒரு மாதிரி தேய்ந்துகொண்டிருந்த ஷூ திடீரென்று வேறு மாதிரி தேய ஆரம்பித்தால், அல்லது ஒரு காலின் முன்நுனி மட்டும் புதிதாக இழுபட ஆரம்பித்தால், அப்போது போக வேண்டியது ஷூ கடைக்கு அல்ல. நரம்பு, முதுகு, இடுப்பு என்று எதிலும் காரணம் இருக்கலாம். டாக்டரிடம் போகும்போது பழைய ஷூவையும் பையில் எடுத்துப் போங்கள். துடைத்து பாலிஷ் போட வேண்டாம், அவர் பார்க்கப்போவது அடிப்பக்கத்தை.